காலேஜ் பையில் கைத்துப்பாக்கி: யாரிடமிருந்து, யாரைக் காப்பாற்ற?

பிள்ளையார்பாளையத்துல இருந்து பேசறேன். பின்னாடி தடக் தடக்னு சத்தம் கேட்டா மைக் கோளாறுன்னு நினைக்காதீங்க, பக்கத்து வீட்டுத் தறி. எடிட்டிங்ல அதை எடுக்கப் பாக்குறதையே விட்டுட்டேன்.

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து வந்தது. சென்னையில் இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டது இதுதான்: "அண்ணா, அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல காலேஜுக்குள்ளயே துப்பாக்கியை மறைச்சு எடுத்துட்டுப் போக சட்டம் இருக்காமே. நான் ராத்திரி லேப் முடிச்சு ஹாஸ்டலுக்கு நடக்கும்போது கையில ஃபோன் டார்ச் மட்டும்தான் இருக்கு. எங்களுக்கு ஏன் அந்த உரிமை இல்ல?"

சிரிச்சுட்டுக் கடந்து போற கேள்வி இல்லை இது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மாநிலத்தின் பெயர் பெற்ற பொறியியல் வளாகம். சுத்தி மதில், வாசலில் செக்யூரிட்டி. அதுக்கப்புறம் எத்தனை வீட்டில் "ஆறு மணிக்கு மேல வெளிய போகாத" என்று பெண்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று யோசிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் நின்னு கேட்டா, "என்னைக் காப்பாத்திக்க எனக்கு ஒரு கருவி கொடு" என்பது நியாயமான கோரிக்கைதான்.

அதனால நேர்மையா பார்ப்போம். முதல்ல நம்ம சட்டம், அப்புறம் அமெரிக்காவில் நடந்தது, கடைசியா நம்ம கேம்பஸ்.

தற்காப்பு உரிமை இருக்கு, துப்பாக்கி உரிமை இல்லை

இந்த ரெண்டையும் நிறைய பேர் ஒண்ணாக் குழப்பிக்கறாங்க. உங்களைத் தற்காத்துக்கொள்ளும் உரிமை இந்தியாவில் உங்களுக்கு முழுசா இருக்கு. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். இதில் 38-ஆம் பிரிவு முக்கியம். உயிருக்கு ஆபத்து, பலாத்காரம் செய்யும் நோக்கத்தோடு தாக்குதல், கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற சூழ்நிலைகளில், தற்காத்துக்கொள்ளும்போது எதிரியின் உயிரே போனாலும் அது குற்றம் ஆகாது. ஆனா தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தா அதைத்தான் நாடணும் என்கிற எல்லையும் கூடவே இருக்கு.

துப்பாக்கி வேற கதை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அது உரிமை கிடையாது, அரசு கொடுக்கிற அனுமதி. 21 வயசு முடியணும். தற்காப்புக்குன்னு கேட்டா, ஏன் வேணும்னு தக்க காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்தணும். லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

லைசென்ஸ் கிடைச்சாலும் கதை முடியலை. அதோட நிபந்தனைகளில் ஒரு வரி வரும்: மாவட்ட நிர்வாகத்தின் தனி அனுமதி இல்லாம, திருவிழாவுக்கோ, சாமி ஊர்வலத்துக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளோ ஆயுதத்தை எடுத்துட்டுப் போகக் கூடாது.

சாமி ஊர்வலமும் காலேஜும் ஒரே வரியில் ஏன்? காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வைகாசி கருட சேவை அன்னைக்கு வரதராஜப் பெருமாள் புறப்பாட்டில் நின்னிருக்கீங்களா? முன்னாடி இருக்கிறவர் தோளில் குழந்தை, பின்னாடி இருக்கிறவர் முழங்கை உங்க முதுகில். அந்தக் கூட்டத்தில் நூறு பேர் இடுப்பில் துப்பாக்கி இருந்தா, கெட்டவன் ஒருத்தனும் வேண்டாம், ஒரு தள்ளுமுள்ளு போதும். நெருக்கம், உணர்ச்சி, இளம் வயசு. இது மூணும் சேர்ந்த இடத்தில் ஆயுதம் வேண்டாம் என்பதுதான் அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருக்கிற புத்தி.

அமெரிக்கா எப்படி எதிர்ப்பக்கம் போச்சு?

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். ஒரு மாணவன் ரெண்டு கைத்துப்பாக்கிகளோடு 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். ஐ.ஐ.டி. கான்பூர், பர்டியூ என்று படித்து, கால் நூற்றாண்டு அங்கே நீரியல் சொல்லிக்கொடுத்தவர். நாரிஸ் ஹால் 206-ஆம் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் கொல்லப்பட்டார். அவருடைய வகுப்பில் இருந்தவர்களில் 9 மாணவர்கள் இறந்தார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிக்குத் தடை இருந்தது. "தடை நல்லவன் கையைத்தான் கட்டிப்போட்டது, கொலைகாரன் கையைக் கட்டலையே" என்கிற வாதம் அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. அதே ஆண்டு, வளாகத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை கேட்டு ஒரு மாணவர் அமைப்பே தொடங்கப்பட்டது. அந்த வாதத்தை லேசா எடுத்துக்க முடியாது. நாரிஸ் ஹாலில் துப்பாக்கிச் சூடு பத்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தது. கட்டடத்தின் வெளிக்கதவுகளை அவன் உள்ளே இருந்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தான். அத்தனை நேரம் உள்ளே இருந்தவர்களுக்கு வேற யாரும் துணைக்கு இல்லை.

யூட்டா மாநிலத்தில் 2004-லேயே இதற்கு வழி செய்யும் சட்டம் வந்துவிட்டது. பிறகு ஐடஹோ, கன்சாஸ், ஜார்ஜியா. டெக்சாஸ் 2015-ல் சட்டம் போட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களில் அது அமலுக்கு வந்த நாள் 2016 ஆகஸ்ட் 1. சரியாக 50 வருஷத்துக்கு முன்னாடி அதே நாளில்தான், ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தில் ஏறி ஒருவன் கீழே போனவர்களைச் சுட்டான்.

டெக்சாஸ் சட்டத்தில் கவனிக்க வேண்டியது சில இருக்கு. தனியார் பல்கலைக்கழகங்கள் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே சொன்னது, கிட்டத்தட்ட எல்லாமே விலகிக்கொண்டன. அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் வில்லியம் மெக்ரேவன். பின் லேடனைப் பிடிக்கப் போன நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய கடற்படை அட்மிரல். வாழ்நாள் முழுக்க ஆயுதத்தோடு வாழ்ந்த அந்த மனுஷன், வளாகத்துக்குள் இது வேண்டாம் என்று சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்.

அப்புறம், மாஸ்டர்ஸுக்கு டல்லாஸ், ஆர்லிங்டன்னு கிளம்புற நம்ம பசங்களுக்கு ஒரு தகவல். மாணவர் விசாவில் போறவங்க துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்க மத்திய சட்டத்தில் பொதுவாகத் தடை இருக்கு. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்தான். அதாவது பக்கத்து பெஞ்சில் இருக்கிறவர் பையில் இருக்கலாம், உங்க பையில் இருக்க முடியாது.

ஒரு இன்ஜினியர் கண்ணால் பார்த்தா

எங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டையும் செய்யறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்போம். எந்த ஆபத்தைத் தடுக்க இது? இது வேலை செய்ய என்னென்ன சரியா நடக்கணும்? பையில் இருக்கிற துப்பாக்கி உங்களைக் காப்பாத்த நாலு விஷயம் வரிசையா சரியா நடக்கணும்.

முதலாவது, நேரம். தாக்குறவன் எப்போ, எப்படி என்று முன்னாடியே முடிவு பண்ணிட்டு வர்றான். உங்களுக்குத் தெரியும்போது அவன் பக்கத்தில் இருப்பான். பையைத் திறந்து எடுக்கிற அந்த சில நொடி அவன் கையில்தான் இருக்கு. அந்த நொடியில் துப்பாக்கியே கை மாறவும் வாய்ப்பு இருக்கு.

ரெண்டாவது, குறி. நியூயார்க் போலீஸைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிரியும் திருப்பிச் சுட்ட மோதல்களில், போலீஸ் சுட்டதில் இலக்கில் பட்டது சராசரியாக 18 சதவீதம். பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற போலீஸுக்கே நூறில் 18 என்றால், மீதி 82 தோட்டா எங்கே போச்சு? கேம்பஸில் அந்த 'எங்கே' என்பது பெரும்பாலும் இன்னொரு மாணவர் நிற்கிற இடம்.

மூணாவது, அடையாளம். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரிகன் மாநிலத்தின் அம்ப்குவா கம்யூனிட்டி கல்லூரியில் 9 பேர் கொல்லப்பட்டார்கள். அன்னைக்கு அதே வளாகத்தில், முறைப்படி அனுமதி பெற்ற துப்பாக்கியோடு ஒரு முன்னாள் ராணுவ வீரர் மாணவராக இருந்தார். அவர் வெளியே ஓடி வரவில்லை. ஏன் என்று பின்னால் தொலைக்காட்சியில் அவரே விளக்கினார்: வரும் அதிரடிப் படைக்கு யார் கொலைகாரன், யார் காப்பாத்த வந்தவன் என்று தெரியாது, தன்னையே சுட்டிருப்பார்கள். இதைக் கோழைத்தனம்னு சொல்ல மாட்டேன். பயிற்சி கொடுத்த நிதானம் அது. அந்த நிதானம் பத்தொன்பது வயசில் எத்தனை பேருக்கு இருக்கும்?

நாலாவதுதான் எனக்குப் பெரிசா படுது: மீதி நாட்கள். தாக்குதல் நடக்கிற ஒரு நாளை மட்டும் கணக்கில் எடுக்கறோம். துப்பாக்கி மீதி 364 நாளும் பையில், ஹாஸ்டல் அலமாரியில், தலையணைக்கு அடியில் இருக்கும். ஐடஹோவில் சட்டம் அமலுக்கு வந்து ரெண்டு மாசத்தில், 2014 செப்டம்பரில், ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு ஆசிரியரின் பாக்கெட்டில் இருந்த துப்பாக்கி தானாக வெடித்து அவர் பாதத்திலேயே பாய்ந்தது. அவர் அனுமதி பெற்றவர்தான். நல்லவேளை, பாதம்.

இன்னும் கனமான ஒண்ணு இருக்கு. 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் 27,000 பேர், அதாவது பாதிக்கும் மேல், தற்கொலை. அரியர், காதல் முறிவு, பிளேஸ்மென்ட் கிடைக்காத வாரம் என்று ஹாஸ்டல் ராத்திரிகள் எவ்வளவு இருட்டா இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலான அந்த மாதிரி ராத்திரிகள் விடிஞ்சுடும். விடியும் வரை தாங்கறதுக்கு ஒரு ரூம்மேட்டோ, ஒரு ஃபோன் காலோ போதும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தா அந்த அவகாசம் போயிடுது. இதைக் கேட்கிற யாருக்காவது இப்போ அப்படி ஒரு ராத்திரி என்றால், எபிசோடை நிறுத்திட்டு 14416-க்கு கூப்பிடுங்க. டெலிமானஸ். இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

வர்ஜீனியா டெக்கில் உண்மையிலேயே காப்பாத்தினது எது?

லோகநாதன் சாரின் அறைக்குப் பக்கத்தில் 205-ஆம் அறை. அங்கே இருந்தவர்கள் ஒரு பெரிய மேசையைக் கதவுக்கு எதிரே தள்ளி, தரையில் படுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. அவனால் உள்ளே வர முடியவில்லை. அந்த அறையில் ஒருவர்கூட இறக்கவில்லை. 204-ஆம் அறையில் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவை மறித்து நின்று உயிரைக் கொடுத்தார். அந்த அவகாசத்தில் மாணவர்கள் பலர் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள். அந்த வகுப்பறைக் கதவுகளை உள்ளே இருந்து பூட்ட முடியாது. ஒரு தாழ்ப்பாள் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு. கொலை செய்த மாணவனை, தனக்குத்தானே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதித்துறை அதிகாரி அறிவித்து, சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தார். அந்தப் பதிவு துப்பாக்கிக் கடையின் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்ச் சேரவே இல்லை. ரெண்டு டேட்டாபேஸ் ஒண்ணோட ஒண்ணு பேசலை, அவ்வளவுதான். அதைச் சரி செய்ய 2008 ஜனவரியில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. ஒரு தாழ்ப்பாளும் ஒரு சரியான பதிவும் செய்திருக்கக்கூடிய வேலையை, மாணவர்கள் இடுப்பில் ஆயுதமாகக் கட்டிவிடுவது எனக்குப் பிழையான தீர்வாகப் படுது.

நம்ம கேம்பஸில் ஆபத்து எப்படி வருது?

"அமெரிக்காவுல துப்பாக்கிச் சூடு, எனக்கு அதுவா பிரச்சினை?" என்று கேட்பீங்க. சரிதான். டெல்லியில் 2012 டிசம்பர் கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்காகவே 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ எடை, .32 ரகம், கைப்பைக்குள் அடங்கும். அப்போ அதன் விலை சுமார் 1,22,000 ரூபாய். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிற ஒரு வீட்டுப் பெண்ணால் அந்த விலையை நினைச்சுப் பார்க்க முடியுமா? காசு இருக்கிறவங்களுக்கு மட்டும் கிடைக்கிற பாதுகாப்புக்கு எப்படி உரிமைனு பேர் வைக்கிறது?

விலையை விடுங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், நண்பன், காதலன், முதலாளி. இருட்டில் இருந்து பாயும் முகம் தெரியாத ஆள் மிகக் குறைவு. துப்பாக்கி அந்தக் குறைவான ஆளுக்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. மார்க் போடற கையோ, ப்ராஜெக்ட் கைடோ எல்லை மீறினா எந்த நொடியில் அதை எடுப்பீங்க?

அண்ணா பல்கலைக்கழக வழக்கையே பாருங்க. அந்த ஆள் வெளியாள்தான், ஆனா அவன் பெரிதாக நம்பின ஆயுதம் செல்ஃபோன். காணொளி எடுத்து வச்சிருக்கேன் என்று மிரட்டினான். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்கிற பயத்தைத்தான் அவன் தோட்டாவாகப் பயன்படுத்தினான். அந்த மாணவி அந்தப் பயத்தை மீறிப் புகார் கொடுத்தார். நடுவில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்து அவருடைய விவரங்கள் வெளியாயின. உயர் நீதிமன்றம் தலையிட்டு மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூன் 2-ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம், 30 ஆண்டுகளுக்குக் குறையாத, சலுகையில்லாத ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் நடந்து ஆறு மாசத்துக்குள்ள. அவனை வீழ்த்தியது அந்தப் பெண்ணின் புகார்.

"எல்லாரும் ஆயுதம் வச்சிருந்தா எவனும் வாலாட்ட மாட்டான்" என்பவர்களுக்கு, நம்ம ஊரிலேயே நடந்த ஒரு சோதனை இருக்கு. சென்னைக் கல்லூரிகளின் 'ரூட் தல' சண்டை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில், பஸ்ஸில் இருந்த மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டின காணொளி ஞாபகம் இருக்கா? அவன் வச்சிருக்கான், அதனால நானும் வச்சிருக்கேன் என்று ரெண்டு பக்கமும் சேர்த்தா கடைசியில் நடக்கிறது அதுதான். 2024 அக்டோபரில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் பக்கம் நடந்த தாக்குதலில் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் இறந்தே போனார். அந்தப் பைகளில் கத்திக்குப் பதிலா துப்பாக்கி இருந்திருந்தா எத்தனை உயிர் என்று கணக்குப் போட எனக்கு மனசு வரலை.

அப்போ வெறும் கையோடவா போறது?

இல்லை. பெப்பர் ஸ்ப்ரே வச்சுக்க லைசென்ஸ் வேண்டாம். தவறிப் பட்டாலும் யாரும் சாக மாட்டாங்க, இதுதான் அதோட பெரிய பலம். வாங்கி பைக்கு அடியில் போட்டா பிரயோஜனம் இல்லை. கைக்கு எட்டுற இடத்தில் வையுங்க, ஒரு தடவை வெட்ட வெளியில் காத்து பார்த்து அடிச்சுப் பாருங்க, காலாவதி தேதி பாருங்க.

தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தான் இருக்கு. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. காணொளி வச்சு மிரட்டினா சைபர் குற்றப் பிரிவு, 1930.

இதெல்லாம் உங்க கையில் இருக்கிறது. கல்லூரியின் கையில் இருக்க வேண்டியதை நாம கேட்கறதே இல்லை. 2015-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு ஒரு உள் புகார்க் குழு இருந்தாகணும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவர் பிரதிநிதிகளும் அதில் உட்காரணும், அவங்க தேர்தல் மூலம் வரணும். 90 நாளில் விசாரணை முடியணும். உங்க கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா நாளைக்கே கேளுங்க. பேர், ஃபோன் நம்பர், கடைசியா எப்போ கூடினாங்க, மூணும் நோட்டீஸ் போர்டில் இருக்கணும்.

லேபில் இருந்து ஹாஸ்டல் வரை ஒரு தடவை கூட்டமா நடங்க. எந்த விளக்கு எரியலை, எந்த கேமரா எதையும் பார்க்காம நிக்குது, எந்த மதில் இடிஞ்சிருக்கு, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று போட்டோவோட பட்டியல் எடுங்க. நாங்க பக் ரிப்போர்ட்னு சொல்வோமே, அதேதான். தேதி போட்டு, முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கிக்கோங்க. கையெழுத்து வாங்கின நிமிஷத்தில் இருந்து "எங்களுக்குத் தெரியாது" என்று அவங்க சொல்ல முடியாது.

எனக்குத் துப்பாக்கி யோசனையில் பிடிக்காததும் கடைசியில் இதுதான். விளக்கு போட வேண்டியவங்க, புகாரைக் கேட்க வேண்டியவங்க, ரோந்து வர வேண்டியவங்க எல்லாரும் கையைக் கழுவிட்டு, "உன் பையில்தான் இருக்கே, நீ ஏன் சுடலை?" என்று அந்தப் பெண்ணையே கேட்க அது வழி பண்ணிக் கொடுக்கும். ஏற்கெனவே "நீ ஏன் அந்த நேரத்தில் அங்க போன?" என்று கேட்கிற ஊர் இது. இன்னொரு கேள்வியை நாமே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அந்த பக் ரிப்போர்ட்டை உங்க கல்லூரியில் கொடுத்தீங்கன்னா என்ன நடந்ததுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்த விளக்கு முதல்ல எரிஞ்சதுன்னு அடுத்த எபிசோடில் சொல்றேன்.